குடாநாட்டின் நூறாண்டு – 17: எண்ணத் தெரிந்த பேராசிரியர்

1936 மார்ச் மாதம். கொழும்பு காலிமுகத்தில் கடலைப் பார்த்து நிற்கும் அரசாங்க சபைக் கட்டடத்தில் புதிய உறுப்பினர்கள் கூடினார்கள். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் நடந்த இரண்டாவது பொதுத்தேர்தல் அப்போதுதான் முடிந்திருந்தது. தேர்தலில் வென்றவர்கள் 50 பேர், தேசாதிபதி நியமித்தவர்கள் 8 பேர். சபாநாயகரை நீக்கினால் 57. இந்த 57 பேரும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிய வேண்டும். ஒவ்வொரு குழுவும் இரகசிய வாக்கெடுப்பில் தனக்கொரு தலைவரைத் தெரிவு செய்யும். அந்தத் தலைவரே அமைச்சர். அன்று இலங்கையில் அமைச்சரவை உருவான விதம் இதுதான். கட்சியும் இல்லை, பிரதமரும் இல்லை.

வாக்கெடுப்பு முடிந்தபோது ஏழு அமைச்சர்களும் சிங்களவர்களாக இருந்தார்கள். உள்நாட்டு அலுவல்கள் டி. பி. ஜயதிலக்கவுக்கு, விவசாயமும் காணியும் டி. எஸ். சேனநாயக்கவுக்கு, உள்ளூராட்சி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவுக்கு, கல்வி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவுக்கு என்று வரிசை போனது. 1931இல் அமைந்த முதல் அமைச்சரவையில் பெரி சுந்தரமும் எச். எம். மாக்கான் மாக்காரும் இருந்தார்கள். இம்முறை ஒரு தமிழர் இல்லை, ஒரு முஸ்லிம் இல்லை.

இது தற்செயலாக நடந்ததல்ல. 57 பேரை ஏழாகப் பிரித்தால் ஒரு குழுவில் எட்டுப் பேர், ஏதோ ஒன்றில் ஒன்பது பேர். ஐந்து பேர் ஒரே பெயருக்கு வாக்களித்தால் அந்தக் குழுவின் தலைவர் பதவி உறுதி. ஏழைந்து முப்பத்தைந்து. சிங்கள உறுப்பினர்களின் தொகை அதைவிடக் கூடுதல். எவர் எந்தக் குழுவுக்குப் போவது, அங்கே எந்தப் பெயருக்கு வாக்களிப்பது என்பதை முன்கூட்டியே ஒழுங்கு செய்துவிட்டால் ஏழும் கைக்கு வரும். கணக்கு சுலபமானதுதான். ஆனால் அதைத் தாளில் போட்டுக் காட்டியவர் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் செல்லப்பா சுந்தரலிங்கம் என்று அன்றே கொழும்பு அரசியல் வட்டாரத்தில் பேச்சு அடிபட்டது. பின்னர் இலங்கை வரலாற்றை எழுதியவர்கள் பலரும் அதைப் பதிவு செய்தார்கள். சிங்களத் தலைவர்களுக்கு நண்பராக இருந்த அந்தப் பேராசிரியர் உரும்பிராயைச் சேர்ந்த தமிழர்.

சென்ற இதழ்களில் நாம் பார்த்த தலைவர்கள் பெரும்பாலும் சட்டத்தரணிகள். நீதிமன்றப் படியில் நின்று அரசியலுக்குள் நுழைந்தவர்கள். சுந்தரலிங்கம் கரும்பலகையிலிருந்து வந்தவர். அவருடைய சட்டசபை வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால், குடாநாட்டு அரசியலில் எண்கள் ஆட்சி செய்த கால்நூற்றாண்டின் கதை கிடைக்கிறது.

அவர் பிறந்தது 1895 ஆகஸ்ட் 19. செல்லப்பா, மீனாட்சி தம்பதியரின் பிள்ளைகள் ஐவர் ஐந்து துறைகளில் பெயர் பெற்றார்கள். நாகலிங்கம் உயர்நீதிமன்ற நீதியரசராகிப் பதில் மகாதேசாதிபதியாகவும் கடமையாற்றினார். பஞ்சலிங்கம் வைத்தியர். அமிர்தலிங்கம் மீன்பிடித் திணைக்களத்தின் பணிப்பாளர். தியாகலிங்கம் கொழும்பில் முன்னணி வழக்கறிஞர். செம்மண் தோட்டத்தில் இறைத்துப் பயிர் செய்யும் ஒரு கிராமத்திலிருந்து ஒரே வீட்டில் இத்தனை பேர் எழுந்ததை உரும்பிராய் மக்கள் நெடுங்காலம் சொல்லிப் பெருமைப்பட்டார்கள்.

குடாநாட்டில் கணிதத்துக்கு ஒரு மரியாதை எப்போதும் உண்டு. அமெரிக்க மிஷனரிகள் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி தமிழ்ப் பிள்ளைகளுக்கு அட்சரகணிதமும் வானியலும் கற்பித்தது. அங்கே படித்த கரோல் விசுவநாதபிள்ளை 1855இல் ‘பீசகணிதம்’ என்ற நூலைத் தமிழில் தந்தார். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். ஆக, யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும் கொழும்பு சென் ஜோசப் கல்லூரியிலும் பயின்று, லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, ஒக்ஸ்போர்டின் பலியோல் கல்லூரிவரை கணிதம் படிக்கப் போன இளைஞர் வானத்திலிருந்து குதித்தவரல்ல. அவருக்குப் பின்னால் நூறாண்டுப் பாடசாலை மரபு ஒன்று இருந்தது.

பாரிஸ்டராகவும் தகுதி பெற்று நாடு திரும்பியவர் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்தார். யாழ்ப்பாணத்துப் பெற்றார் கனவு காணும் உத்தியோகம் அது. அவரோ விரைவிலேயே அதை உதறிவிட்டு ஆனந்தா கல்லூரிக்கு உப அதிபராகப் போனார். ஆனந்தா, பௌத்த மறுமலர்ச்சி இயக்கம் வளர்த்தெடுத்த பாடசாலை. பி. டி எஸ். குலரத்ன அதிபர். ஒரு சைவத் தமிழர் அங்கே உப அதிபராக இருப்பது 1920களின் தொடக்கத்தில் எவருக்கும் உறுத்தலாக இருக்கவில்லை. சிங்களத் தலைவர்களோடு அவருக்கிருந்த நெருக்கத்தை விளங்கிக்கொள்ள இந்தக் காலத்தை மனதில் வைத்திருக்க வேண்டும்.

1921இல் கொழும்பு தேர்ஸ்டன் வீதியில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்துவது அதன் வேலை. அதன் முதலாவது கணிதப் பேராசிரியர் சுந்தரலிங்கம். 1940வரை அந்தத் துறை அவர் கையில் இருந்தது. கேம்பிரிட்ஜில் போல் டிராக்கிடம் ஆராய்ச்சி செய்த யாழ்ப்பாணத்துக் கணிதவியலாளர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் பின்னாளில் கொழும்பில் அதே கணிதப் பேராசிரியர் பதவியை ஏற்றார்.

மறுபடி 1936க்கு வருவோம். சிங்களத் தலைவர்கள் சொன்ன காரணம் இது: அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று பிரித்தானிய அரசிடம் கேட்டால், அமைச்சர்கள் ஒரே குரலில் கேட்கிறார்களா என்று அங்கிருந்து திருப்பிக் கேட்கிறார்கள். முதல் அமைச்சரவையில் அந்த ஒருமை இல்லை. எனவே ஒரே மனமுள்ள அமைச்சரவை தேவை. கணிதம் தெரிந்த ஒருவருக்கு இந்த வாதம் நேர்த்தியாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் ‘ஒரே மனம்’ என்பதற்கு ‘ஒரே இனம்’ என்று விடை வந்தது. ஒரு பெரும்பான்மை தன் எண்ணிக்கையை எப்படி முழுமையாகப் பயன்படுத்தலாம் என்ற பாடம் அந்த மார்ச் மாதத்தில் நடந்தேறியது. கற்றவர்கள் அதை மறக்கவில்லை.

அந்தப் பாடத்தின் தாக்கம் முதலில் தெரிந்தது குடாநாட்டில். 1931இல் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸின் அழைப்பை ஏற்றுக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் தேர்தலைப் புறக்கணித்திருந்தன. 1934 இடைத்தேர்தலில்தான் ஆசனங்கள் நிரம்பின. அப்போது பருத்தித்துறையிலிருந்து வந்தவர் ஜி. ஜி. பொன்னம்பலம். வழக்கறிஞர் என்றே எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் அவரும் கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் படித்து முதல் வகுப்பில் தேறியவர்தான். 1936இன் கணக்கைப் பார்த்த பொன்னம்பலம் தன் கணக்கை முன்வைத்தார்: சபையில் பாதி சிங்களவருக்கு, மீதிப் பாதி ஏனைய எல்லாருக்கும். ஐம்பதுக்கு ஐம்பது. காங்கேசன்துறையில் பின்னர் வென்ற எஸ். ஜே. வி. செல்வநாயகமும் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. சட்டம் படிக்குமுன் கொழும்பில் விஞ்ஞானம் கற்பித்தவர். தமிழர் அரசியலைக் கால்நூற்றாண்டு நடத்திய மூவரும் விஞ்ஞானமும் கணிதமும் படித்தவர்கள் என்பதை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

அரசியலமைப்பை ஆராயப் பிரித்தானிய அரசு அனுப்பிய சோல்பரி ஆணைக்குழு 1944 டிசம்பரில் வந்தது. ஐம்பதுக்கு ஐம்பதை அது ஏற்கவில்லை. அதற்கு மாறாக ஒரு சூத்திரத்தை அங்கீகரித்தது: 75,000 பேருக்கு ஓர் உறுப்பினர், அத்தோடு 1,000 சதுர மைலுக்கு ஓர் உறுப்பினர். இலங்கையின் பரப்பு 25,000 சதுர மைலுக்குச் சற்றுக் கூடுதல். ஆகவே நிலத்தின் பெயரால் 25 ஆசனங்கள். மக்கள் அடர்த்தி குறைந்த வடக்குக்கும் கிழக்குக்கும் இதனால் கூடுதல் இடம் கிடைக்கும், சிறுபான்மையினருக்கு அது காப்பு என்பது எண்ணம். வடமாகாணத்துக்கு ஒன்பது தொகுதிகள் வந்தன. ஏழு குடாநாட்டிலும் தீவுகளிலும். மற்றவை மன்னாரும் வவுனியாவும். காடும் குளமும் சிதறிய ஊர்களுமான வவுனியாவுக்குத் தனித் தொகுதி கிடைத்ததில் அந்தச் சதுர மைல் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

1947 தேர்தலில் பேராசிரியர் அந்த வவுனியாவில் சுயேச்சையாக நின்று வென்றார்.

நாடாளுமன்றத்தின் கணக்கு இப்படி இருந்தது: தெரிவு செய்யப்பட்ட 95 பேரில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42. பெரும்பான்மைக்குப் போதாது. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்று எதிரணியில் இருந்தது. டி. எஸ். சேனநாயக்கவுக்குச் சுயேச்சைகள் தேவைப்பட்டார்கள். தமிழரின் ஒப்புதல் தமக்கு உண்டு என்று லண்டனுக்குக் காட்டத் தமிழ் அமைச்சர்களும் தேவைப்பட்டார்கள். பழைய நண்பரான சுந்தரலிங்கத்தை அழைத்தார். மன்னாரிலிருந்து சுயேச்சையாக வந்த சி. சிற்றம்பலத்தையும் அழைத்தார். செப்டம்பரில் சுந்தரலிங்கம் வர்த்தக வாணிப அமைச்சராகப் பதவியேற்றார். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் ஒரு கணிதப் பேராசிரியர் அமர்ந்தது இப்படித்தான்.

அமைச்சராக அவர் இருந்தது பதினைந்து மாதங்கள். அதற்குள் பிரஜாவுரிமைப் பிரச்சினை வந்துவிட்டது. 1946 குடிசன மதிப்பீட்டின்படி இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 7,80,000 பேர், நாட்டின் மக்கள் தொகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவு. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து அவர்களுடைய பிரதிநிதிகள் ஏழு பேர் வந்திருந்தார்கள். இன்னும் பல தொகுதிகளில் அவர்களுடைய வாக்கு இடதுசாரிகளை வெல்ல வைத்திருந்தது. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அந்தச் சட்டம் ஆகஸ்டில் நிறைவேறியபோது சுந்தரலிங்கம் அமைச்சரவைக்குள்தான் இருந்தார். இதை மறைத்து அவருக்கு மாலை போடுவது நேர்மையாகாது.

டிசம்பரில் இரண்டாவது சட்டமூலம் வந்தது: இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமை. அதன் இரண்டாம் வாசிப்பின்போது, டிசம்பர் 10ஆம் திகதி, சுந்தரலிங்கம் வாக்களிக்காமல் சபையைவிட்டு வெளியேறினார். பிரதமர் சேனநாயக்க விளக்கம் கேட்டார். பேராசிரியர் பதவியைத் துறந்தார். சில மாதங்களுக்கு முன்பு கைத்தொழில் அமைச்சராகச் சேர்ந்திருந்த பொன்னம்பலம் அரசாங்கத்தோடு நின்றார். தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்த செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், இ. மு. வி. நாகநாதன் ஆகியோர் 1949 டிசம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள்.

சட்டத்தின் விளைவு 1952 தேர்தலில் கண்ணுக்குத் தெரிந்தது. மலையக மக்களின் பிரதிநிதிகள் ஏழிலிருந்து பூச்சியமானார்கள். பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பித்த எட்டு இலட்சம் பேரில் சுமார் 1,34,000 பேருக்கே அது கிடைத்தது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது 9,75,000 பேரை இரு நாடுகளும் பங்கு போட்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வோம். தேயிலைச் செடிக்கு நடுவே பிறந்து வளர்ந்த ஒரு தாயிடம் எவரும் போய்க் கேட்கவில்லை. சோல்பரி சூத்திரம் தருவதாகச் சொன்ன காப்பு சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே உடைந்தது இந்த மக்களின் முதுகில்தான். அவர்களுடைய தலைகளைக் கணக்கில் சேர்த்துத்தான் மலையகத்துக்குத் தொகுதிகள் பிரிக்கப்பட்டிருந்தன. தலைகள் கணக்கில் இருக்க, வாக்குகள் மட்டும் பறிபோயின.

எதிரணிக்குப் போன சுந்தரலிங்கம் தனி மனிதராகவே இயங்கினார். எந்தக் கட்சியும் அவரைத் தாங்கவில்லை, அவரும் எந்தக் கட்சியையும் தாங்கவில்லை. ஆசனத்தைத் துறந்து மக்களிடம் திரும்பிப் போவது அவர் கைக்கொண்ட முறை. 1951இல் வாளேந்திய சிங்கக் கொடி தேசியக் கொடியாக ஏற்கப்பட்டது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஓரத்தில் இரண்டு பட்டைகள். கொடிக்குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன் உடன்பட மறுத்தார். சுந்தரலிங்கம் தன் ஆசனத்தையே துறந்து, இடைத்தேர்தலில் நின்று மறுபடி வென்று வந்தார். 1952 பொதுத்தேர்தலிலும் வெற்றி. 1955இல் எதிர்ப்புக் காட்டித் தொடர்ந்து மூன்று மாதம் சபைக்குப் போகாமல் ஆசனத்தை இழந்தார். வவுனியா மீண்டும் அவரையே அனுப்பியது. ‘அடங்காத் தமிழர்’ என்று மக்கள் அவரை அழைத்தார்கள். அந்தப் பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

1956 ஜூன் மாதம் பண்டாரநாயக்க தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டு வந்தார். 1936இல் அரசாங்க சபையின் ஏழு அமைச்சர்களில் ஒருவராக இருந்த அதே பண்டாரநாயக்க. இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டாவதன் விதை முதலாவதில் இருந்தது தெரியும்: சபையில் எண்ணிக்கை இருந்தால் போதும், மற்றவரின் சம்மதம் வேண்டியதில்லை. இதை சுந்தரலிங்கத்தைவிட நன்றாக விளங்கிக்கொள்ளக்கூடியவர் சபையில் எவருமில்லை. எண்ணிக்கையால் ஒருநாளும் வெல்ல முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்து சேர்ந்தார். 1958 இனக்கலவரத்துக்குப் பிறகு, 1959இல், ஈழத் தமிழர் ஒற்றுமை முன்னணியைத் தொடங்கித் தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். தமிழரசுக் கட்சி அப்போது சமஷ்டி கேட்டுக்கொண்டிருந்தது. தனிநாடு கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்கு இன்னும் பதினேழு ஆண்டுகள் இருந்தன.

வவுனியா அவரோடு அவ்வளவு தூரம் வரவில்லை. 1960 மார்ச் தேர்தலில் சுயேச்சையாக நின்ற தா. சிவசிதம்பரத்திடம் தோற்றார். பதின்மூன்று ஆண்டுச் சட்டசபை வாழ்க்கை அங்கே முடிந்தது. பின்பும் எழுதினார், வாதாடினார். தனிநாட்டுக் கோரிக்கைக்கான ஆவணங்களைத் திரட்டி 1967இல் ஆங்கிலத்தில் ஒரு நூலும் வெளியிட்டார்.

இதோடு நிறுத்தினால் ஒரு முன்னோடியின் கதையாக இது முடிந்துவிடும். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் 1968 இருக்கிறது.

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் குடாநாட்டின் பெருங்கோயில்கள் பலவற்றின் கதவுகள் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மூடியே இருந்தன. தேநீர்க் கடைகளில் தனிக் குவளை. இதற்கு எதிராக 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிஸார் அடித்துக் கலைத்தார்கள். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது. 1968 கோடையில் போராட்டம் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலுக்கு வந்தது. வெள்ளை வேட்டியும் அருச்சனைத் தட்டுமாக மக்கள் வந்து, உள்ளே விடுங்கள் என்று கேட்டு வெயிலில் நின்றார்கள். அவர்களை மறித்து வாசலில் நின்றவர்களின் முன்வரிசையில், எழுபத்து மூன்றாவது வயதை நெருங்கிக்கொண்டிருந்த சுந்தரலிங்கம்.

கோயில் வழமையைக் காப்பதாக அவர் சொன்னார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குற்றவாளியாகக் காணப்பட்டு அவருக்கு ஐம்பது ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

இலங்கையில் தமிழரின் எண்ணிக்கையை எவரும் குறைக்கக்கூடாது என்று இருபது ஆண்டு சபையிலும் வெளியிலும் வாதிட்ட மனிதர், தன் ஊரிலிருந்து சில மைல் தள்ளியுள்ள கோயிலில் தமிழரை எண்ணும்போது ஒரு பகுதியினரை வெளியே நிறுத்தினார். 1948இல் மலையகத் தோட்டத்துத் தாய்க்கு நடந்ததும் 1968இல் மாவிட்டபுரத்து வாசலில் நின்ற தாய்க்கு நடந்ததும் வேறு வேறு சட்டங்களின் பெயரால் நடந்தவை. வெளியே நிற்க வைக்கப்பட்டவளின் நெஞ்சுக்கு அந்த வேறுபாடு தெரியாது. முதலாவதற்கு எதிராகப் பதவியைத் துறந்தவர் இரண்டாவதைத் தானே முன்னின்று செய்தார். அவருடைய கெட்டிக்காரத்தனத்தையோ துணிவையோ யாரும் மறுக்க முடியாது. அந்த அறிவு இந்த இடத்தில் அவருக்கு உதவவில்லை என்பதே உண்மை. தமிழரசுக் கட்சித் தலைமையும் அந்த வாரங்களில் உறுதியான குரல் எழுப்பாமல் தயங்கியது. ஆகவே பழி முழுவதையும் ஒருவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் கைகழுவ முடியாது.

1970 மே மாதம் பொதுத்தேர்தல் வந்தது. மாவிட்டபுரம் அடங்கிய காங்கேசன்துறைத் தொகுதியில் சுந்தரலிங்கம் செல்வநாயகத்தை எதிர்த்து நின்றார். கோயில் நுழைவுப் போராட்டத்தை ஆதரித்த கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலமும் களத்தில் இருந்தார். ஒரே தொகுதியில் மூன்று பாதைகள்: சமஷ்டி, தனிநாடு, சமத்துவம். செல்வநாயகம் வென்றார். வி. பொன்னம்பலம் இரண்டாவதாக வந்தார். கணிதப் பேராசிரியர் மூன்றாவது இடத்துக்குப் போனார்.

தனிநாட்டுக் கோரிக்கையை 1976 மே 14இல் வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தன் தீர்மானமாக்கியபோது அவர் உயிரோடிருந்தார். 1983 இனக்கலவரத்தையும் பார்த்தார். 1985 பெப்ரவரி 11இல், எண்பத்தொன்பது வயதில் காலமானார்.

அடுத்த இதழில்: 1972இல் செல்வநாயகம் ஆசனத்தைத் துறந்த பிறகு, அதே காங்கேசன்துறையில் இடைத்தேர்தலுக்காக மக்கள் இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்த கதை.